சுல்ஃபியா வீட்டுத் தேத்தண்ணி

குறை பிடிக்கத்தான் போனேன். சமையல் பழகப் போகிறேன் என்பது வெளியில் சொன்ன கதை.

என் மகள் ரமா வேலை செய்யும் மருந்துக்கடையில் கூட வேலை செய்பவன் தைமூர், உஸ்பெக் நாட்டுக்காரன். கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்று மிச்சம் என்ற ஊரில் இருந்த எங்கள் வீட்டையே இரண்டுபடுத்திக்கொண்டிருந்தவள், கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தாள்.

"அம்மா, ஒருக்கா அவையின்ர வீட்டை வாங்கோ. தைமூரின்ர அக்காவோட சேர்ந்து சமைச்சு, இருந்து சாப்பிட்டுப் பாருங்கோ. அதுக்குப் பிறகும் வேண்டாம் எண்டு சொன்னியள் எண்டா நான் விடுறன். சத்தியமா விடுறன்."

ரமா சத்தியம் செய்தால் மீறமாட்டாள். அந்தப் பிடிவாதம் என்னிடமிருந்து அவளுக்குப் போனது. என் கணவர் கணேசலிங்கமோ, "நீ பாத்திட்டு வந்து சொல்லு" என்று பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். ஆக, முடிவு என் வாயில் இருந்தது. வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம்தான் தேவைப்பட்டது.

தொண்ணூற்றாறாம் ஆண்டு, நவம்பர் மாதக் குளிர். நானும் ரமாவும் பஸ்ஸும் ட்யூப் ரயிலும் மாறி, நகரத்தின் மறுகோடியில் பார்க்கிங் என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். கவுன்சில் வாடகைக்குக் கொடுத்த பிளாட்டின் கதவைத் திறந்தவள் என்னைவிட இளையவள். தலையில் துணி கட்டியிருந்தாள். வலது கையை நெஞ்சில் வைத்துத் தலை குனிந்தாள். அவள்தான் சுல்ஃபியா. தாய் தகப்பன் போன பிறகு தம்பியைத் தன் பிள்ளையாக வளர்த்தவள். நான் அவள் வீட்டை நோட்டம் விட்டதுபோல அவளும் என்னை நோட்டம் விட்டாள். அவளுக்கும் பயம் இருக்கும்தானே என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

தைமூரை வெளியே அனுப்பியிருந்தாள். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஆங்கிலம்தான். வந்ததும் தண்ணீர் கேட்டேன். கிளாஸில் வாய் படாமல் அண்ணாந்து குடித்தேன். சுல்ஃபியா அதிசயமாகப் பார்த்தாள். ரமா நிலத்தைப் பார்த்தாள்.

எச்சில் விஷயத்தில் நான் கொஞ்சம் பொல்லாதவள். ரமா குழந்தையாக இருந்தபோது அவள் தின்று மிச்சம் விட்டதைத் தின்றிருக்கிறேன். அவளைத் தவிர இந்த உலகத்தில் வேறு யாருடைய எச்சிலையும் தொட்டதில்லை. கணேசலிங்கத்துடையதைக்கூட.

அன்றைய சமையல் பலோவ், அவர்களின் இறைச்சிச் சோறு. எங்கள் தாச்சியைப் போன்ற, ஆனால் ஒரு ஆளைத் தூக்கி உட்கார வைக்கக்கூடிய இரும்புச் சட்டியில் எண்ணெய் புகைந்தது. ஆட்டிறைச்சியைப் போட்டாள், வெங்காயம் போட்டாள், பிறகு குவியலாகக் கரட். கரட்டைத் துருவ எடுத்தேன். "இல்லை" என்று கத்தியைக் கையில் தந்தாள். குச்சி குச்சியாக வெட்டவேண்டுமாம். மிளகாய்த்தூள் எங்கே என்றேன். இல்லையாம். நற்சீரகத்தைக் கண்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. வெள்ளைப்பூண்டை உரிக்காமல் முழுசாகச் சட்டிக்குள் புதைத்தாள்.

கடைசியில் ஊறவைத்த அரிசியை இறைச்சிக்கு மேல் பரப்பித் தண்ணீர் விட்டாள். அகப்பை என் கைக்குப் பக்கத்தில் இருந்தது. அரிசி கொதித்தால் துழாவவேண்டும், அது என் கைக்கே தெரியும். ஒரு கிண்டு கிண்டப் போனேன். என் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள்.

"தொடக்கூடாது. கலக்கினால் எல்லாம் கெட்டுவிடும்."

பெரிய குரலில் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. இருபத்தைந்து வருடம் சோறு ஆக்கின கையை இதுவரை யாரும் தட்டினதில்லை. ரமா கெஞ்சுகிற மாதிரிப் பார்த்ததால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சட்டியை மூடியபின் முன்னறையில் துணி விரித்து ரொட்டி வைத்தாள். நடுவில் நீலப்பூப் போட்ட பெரிய தட்டு ஒன்றை வைத்தாள். மற்றத் தட்டுகளுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

"எங்கட தட்டுகள் எங்க?" என்று ரமாவிடம் தமிழில் கேட்டேன்.

"அது ஒண்டுதான் அம்மா. எல்லாரும் அதிலதான் கை வைச்சுச் சாப்பிடுறது."

காரணம் கிடைத்துவிட்டது. மனதுக்குள் ஒரு கொடூரமான சந்தோஷம். ரமாவுக்கு என் முகம் விளங்கியிருக்கவேண்டும். தக்காளி வெட்டக் குசினிக்குள் போய்விட்டாள்.

சுல்ஃபியா பச்சைத் தேயிலையில் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தாள். பிடியில்லாத கிண்ணம். அதில் அடி மறையக் கொஞ்சம் ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினாள். இது என்ன, மருந்தா? இரண்டு மிடறில் முடிந்தது. உடனே எழுந்து மறுபடி கொஞ்சம் ஊற்றினாள். அதுவும் முடிந்தது. மறுபடி கொஞ்சம். வந்த சனத்துக்குத் தேத்தண்ணியைக்கூட அளந்து ஊற்றுகிற வீட்டில் என் பிள்ளை எப்படி வயிறு நிறையச் சாப்பிடும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உபசாரம் என்றால் என்ன என்று காட்டுகிறேன் பார் என்று தேத்தண்ணிக் கேத்திலைப் பறித்தேன். சுல்ஃபியா தனக்கென்று ஊற்றிப் பாதி குடித்து வைத்திருந்த கிண்ணத்தில், விளிம்பு தொட, தளும்பத் தளும்ப ஊற்றி அவள் முன்னால் வைத்தேன்.

அவள் முகம் சுண்டிப்போயிற்று. கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எழுந்தாள்.

"சரி," என்றாள். "விளங்கியது. தம்பிக்கு நானே சொல்கிறேன். ரமா மேல் பிழையில்லை."

ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். தக்காளித் தட்டோடு வந்த ரமா, கிண்ணத்தைக் கண்டதும் அப்படியே நின்றாள்.

"ஆர் இப்பிடி ஊத்தினது?"

"நான்தான். ஏன், நிறைய ஊத்தினது பிழையே?"

"அம்மா, இவை கொஞ்சமா ஊத்தித் தந்தா, இருங்கோ, திரும்பத் திரும்ப ஊத்தித் தர எங்களுக்கு விருப்பம் எண்டு அர்த்தம். நிறைச்சு ஊத்தினா, குடிச்சிட்டு எழும்பிப் போ எண்டு அர்த்தம். அவவின்ர வீட்டிலயே வைச்சு அவவைப் போகச் சொல்லியிருக்கிறியள்." குரல் உடைந்தது. "தெரிஞ்சுதான் செய்தனீங்களோ?"

எனக்குத் தெரியாது. ஆனால் ஓம் என்று ஒரு சொல் சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். நான் இவ்வளவு தூரம் வந்ததே அதற்குத்தானே? வாயைத் திறக்காமல் நின்றேன்.

ரமா அழவில்லை. தட்டை வைத்துவிட்டுத் தன் கோட்டை எடுத்தாள். "வாங்கோ, போவம். நான் சத்தியம் பண்ணினனான்."

கோட்டுக் கை ஒன்று உள்பக்கம் புரண்டிருந்தது. அதற்குள் கையை விட முடியாமல் என் பிள்ளை தவித்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. சுல்ஃபியாவின் முதுகைப் பார்த்தேன். எத்தனை தடவை எழுந்து எனக்கு ஊற்றினாள்! அத்தனை தடவையும் போகாதே, இரு என்றல்லவா சொல்லியிருக்கிறாள்.

அந்த நிறைந்த கிண்ணத்தை எடுத்தேன். அண்ணாந்து குடிக்கவில்லை. அவள் வாய் வைத்த கிண்ணத்தில் என் வாயை வைத்து, கொதிக்கக் கொதிக்க, ஒரே மூச்சில் குடித்து முடித்தேன்.

"அம்மா, அது அவவின்ர எச்சில்..."

"தெரியும். பேசாமல் நில்."

அதே கிண்ணத்தில் அடி மறையக் கொஞ்சம் ஊற்றினேன். வலது கையை நெஞ்சில் வைத்துத் தலை குனிந்து, பிறகு இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினேன். சுல்ஃபியா என்னையும் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கண்ணீர் கன்னத்தில் வழிய வழிய வாங்கிக் குடித்தாள்.

"கோட்டைக் கழட்டு பிள்ளை," என்றேன் ரமாவிடம். "சோறு ஆறப்போகுது."

நீலத் தட்டில் பலோவைக் குவித்துக்கொண்டு வந்தாள் சுல்ஃபியா. நல்ல இறைச்சித் துண்டாகப் பார்த்து என் பக்கம் தள்ளினாள். நான் கை வைத்தேன். மூன்று பேரும் ஒரு தட்டில் சாப்பிட்டோம்.

"எப்படி?" என்று கேட்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

எனக்கு நாக்கு வெந்துபோயிருந்தது. ஒரு ருசியும் தெரியவில்லை.

"ஒருநாளில் பழக ஏலாது," என்று சொல்லி, ஆங்கிலத்திலும் சொன்னேன். "திரும்பத் திரும்ப வரவேணும்."