இடது அடுக்குச் சுண்டெலிகள்

அறையில் இரண்டு கூண்டு அடுக்குகள். இரண்டிலும் ஒரே இன வெள்ளைச் சுண்டெலிகள். உடன்பிறந்தவற்றையே இருபது தலைமுறைக்கு மேல் இணை சேர்த்து வளர்த்ததால், ஒன்றுக்கொன்று இரட்டைப் பிள்ளைகளைப் போன்றவை. ஒரே தீனி, ஒரே வெளிச்சம், ஒரே குளிர். ஆனாலும் வெறும் பெட்டியில் விட்டால் இடது அடுக்கு எலி நடுவில் உலாவியது. வலது அடுக்கு எலி பயந்து சுவரை ஒட்டியே ஓடியது.

புக்கிட் ரம்பாய் ஆய்வுக்கூடத்தில் கோகுலராஜுக்கு இரண்டு வாரமாக இதே கவலை. பயத்தைத் தணிக்கும் மருந்து ஒன்றை அவர் சோதிக்க வேண்டும். மருந்து கொடுக்கும் முன்பே எலிகள் இரண்டு விதமாக இருந்தால், எது மருந்தின் வேலை என்று எப்படிச் சொல்வது?

இடது அடுக்கைப் பராமரிப்பவர் சுசீலா; வலதை வசந்தன்.

"அந்தம்மா தீனியில என்னமோ போடுது. திங்கட்கிழமைக்குள்ள காரணம் தெரியலன்னா வேற ஆள் எடுத்திடுவேன்" என்றார் மேலாளர்.

"ரொட்டி சானாய் கிள்ளிப் போடுறீங்களாமே அக்கா?" என்று வசந்தன் சீண்டினான்.

"போடா, எனக்கே பத்தல லா!"

சொல்லிவிட்டாரே தவிர, சுசீலாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பதினொரு வருட வேலை.

கோகுலராஜ் அடுக்குகளை இடம் மாற்றிப் பார்த்தார். பயனில்லை; பழையபடியே வைத்தார். கடைசியில் ஒரு நாற்காலியைப் போட்டு, கூண்டு மாற்றுவதை முதலிலிருந்து பார்த்தார். வசந்தன் விதிப்படி வாலைப் பிடித்துத் தூக்கினான். சுசீலா பையிலிருந்து ஒரு பைப் துண்டை எடுத்துக் கூண்டுக்குள் வைத்தார். எலி தானாக உள்ளே நடந்து வந்தது. பைப்போடு தூக்கினார்.

"அக்கா, இது என்ன?" என்றார் கோகுலராஜ்.

சுசீலா அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "ரூல்ல வாலத்தான் பிடிக்கச் சொல்லியிருக்கு. ஏசுவீங்கன்னு சொல்லல தம்பி. வாலப் பிடிச்சா நடுங்கி மூத்திரம் பெய்ஞ்சிடுது. இதுல அதுவே வருது."

கோகுலராஜ் இரண்டு அடுக்கையும் மாறி மாறிப் பார்த்தார். இருபது தலைமுறை வளர்த்து எலிகளை ஒன்றுபோலாக்கியிருந்தார்கள். தீனியைக்கூட நிறுத்துப் போட்டார்கள். தூக்கும் கையை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. சில நொடிப் பிடி, இருபத்தைந்து கிராம் உயிருக்குள் நாள்கணக்கில் தங்கியிருக்கிறது!

மேலாளரிடம் பத்து நாள் கேட்டு வாங்கினார். வசந்தனுக்கும் ஒரு பைப் துண்டு கிடைத்தது. பதினோராம் நாள் வலது அடுக்கு எலியைப் பெட்டியில் விட்டார்கள். அது சுவரோரம் நின்று மோந்தது. பிறகு நடுவுக்கு நடந்தது. அடுத்ததும் நடந்தது. மாலைக்குள் இரண்டு அடுக்கு எலிகளும் நடுவில் உலாவிய கணக்கு ஒத்துப்போயிற்று.

வேறு ஆள் எடுக்கும் பேச்சை மேலாளர் விட்டுவிட்டார். விதியை மாற்றி எழுதினார்கள்: சுண்டெலியை யாரும் வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது, கூண்டுக்குள் பைப் துண்டை வைத்து, அது தானாக உள்ளே வந்த பிறகு பைப்போடு தூக்க வேண்டும்.