பிரிபடாத பாகம்

காலையில் எழுந்ததும் அவன் பல் தேய்த்தான். குழாயைத் திறந்தான், பாதி அளவில் வந்த தண்ணீரில் முகம் கழுவினான். கெட்டிலை வைத்தான், அது பாதிச் சூட்டில் நின்றுவிட்டது, அதிலேயே தேயிலையைப் போட்டுக் குடித்தான். சட்டையை இஸ்திரி போட்டான். பெட்டியும் பாதிதான் சூடேறும் என்பதால் முன்பக்கத்தோடு விட்டுவிட்டான், முதுகை யார் பார்க்கப் போகிறார்கள். பிறகு வாசல் கதவை இழுத்தான். அது பாதி திறந்து நின்றது. பையை முதலில் வெளியே நீட்டி, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, பக்கவாட்டில் நழுவித் தெருவுக்கு வந்தான். அவன் மனைவி இறந்த மறுநாளிலிருந்து அந்த வீட்டில் எதுவும் பாதிக்கு மேல் வேலை செய்வதில்லை.

முதலில் பிளம்பர் வந்தார். குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்துவிட்டு, குழாயில் ஒன்றும் இல்லை என்றார். எலெக்ட்ரீஷியன் வந்து மீட்டரைத் தட்டிப் பார்த்தார், மின்சாரம் முழுசாகத்தான் வருகிறது என்றார். தச்சர் கதவின் அடிப்பாகத்தை இழைத்தார்; கதவு இலகுவாக ஆடியது, ஆனால் பாதியோடு நின்றது. கடைசியில் பத்திரம் எழுதுகிற பெரியவர்தான் காரணத்தைச் சொன்னார். வீடு இருவர் பெயரில் இருக்கிறது. ஆளுக்குப் பாதி, ஆனால் நடுவில் கோடு போட்டுப் பிரித்த பாதி அல்ல. பிரிபடாத பாகம். அதாவது ஒவ்வொரு செங்கல்லிலும் பாதி அவளுடையது, ஒவ்வொரு கீலிலும் பாதி, உள்ளே இருக்கிற ஒவ்வொரு கரண்டியிலும் பாதி. அவளுடைய பாதி இப்போது யாருக்கும் சொந்தமில்லாமல் நிற்கிறது, அது எப்படி வேலை செய்யும் என்று கேட்டார். அந்த ஊரில் இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது. பங்குதாரர் இறந்துபோன ஒரு மர அறுவை ஆலையில் எல்லாப் பலகைகளும் பாதிவரை மட்டுமே அறுபட்டு நின்றனவாம். அந்த ஆண்டு சிமெண்ட் விலை ஏறியது, பேருந்துக் கட்டணம் இரண்டு முறை மாறியது, அதனால் ஒரு வீடு பாதியாகிப் போனதைப் பற்றி ஊர் அதிகம் பேசவில்லை. அவன் இளைத்துப் போனதற்குத் துக்கம் காரணமில்லை, கதவுதான் காரணம் என்று பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மற்றதையெல்லாம் பழகிக்கொள்ளலாம். பூட்டைத்தான் பழக முடியவில்லை. சாவி பாதி திரும்பி நின்றுவிடும். பூட்ட முடியாத வீட்டை விட்டுவிட்டு எங்கே போவது? அவன் பம்பு தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் இயந்திர வரைபடம் போடுகிறவன். கம்பெனி தூரத்தில் வேறொரு நகரத்தில் புதிய ஆலை திறந்தது. அங்கே ஓர் இடத்தை மேலாளர் அவனுக்காக வைத்திருந்தார், ஆண்டு முடிவதற்குள் வந்து சேர வேண்டும் என்றார். அவனும் அதைத்தான் விரும்பினான். அவள் உட்காராத நாற்காலிகள் இருக்கும் ஓர் ஊர் போதும் அவனுக்கு. ஆனால் ஒரு ராத்திரிகூட அவனால் வீட்டை விட்டுத் தங்க முடியவில்லை. அக்கா வீட்டு விசேஷத்துக்குப் போனவன் பந்தியில் உட்காராமல் திரும்பி வந்தான்.

பகலில் வீட்டுக்குக் காவல் இருந்தவர் மாமியார். மகள் போன பிறகு தினமும் காலையில் பேருந்து பிடித்து வந்துவிடுவார். ஒல்லியான உடம்பு, கதவு அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. மகளின் பாதி அசையாமல் நிற்பது அவருக்குப் பிடித்திருந்தது. அலமாரியைப் பாதி திறப்பார், தெரிகிற வரைக்கும் புடவைகளைத் தடவிப் பார்ப்பார், மூடுவார். பார்க்க வருகிறவர்களிடம், தன் மகள் கடைசியாகச் சொன்னது என்ன என்று சொல்வார். "அம்மாவைத் தனியா விட்டுடாதீங்கன்னு இவர்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனா." முதல் முறை அவர் அதைச் சொன்னபோது கூடத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் வாய் திறக்கவில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பிப் போனவள் சாலை முனையில் ஒரு லாரியின் கீழ் போனாள். அங்கே அவள் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. வீட்டில் கடைசியாகச் சொன்னது அவனுக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் சும்மா இருந்தது சம்மதமாகிவிட்டது. மாதம் போகப் போக அந்த வாக்கியம் உறவுக்காரர்களின் வாய்க்கு வாய் போய், திரும்பி வந்து அவன் எதிரில் உட்கார்ந்துகொண்டது. வேலை மாற்றம் பற்றி அவன் பேச்செடுத்தாலே போதும், சித்தப்பா ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்தப் பொண்ணு கடைசியா என்னப்பா சொல்லிட்டுப் போச்சு?" என்பார்.

வீட்டை மீட்க ஒரே வழிதான் இருந்தது. அவள் பங்கை வாரிசுகள் பெயருக்கு மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு முன்னால் வரி பாக்கி இல்லை என்று சான்று வேண்டும். அவள் ஒரு பிசியோதெரபிஸ்ட். சம்பாதித்து வாங்கிய சின்ன அறை ஒன்று கடைத்தெருவில் இருந்தது, அதைக் கண்ணாடிக் கடைக்காரர் ஒருவருக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். அவள் இறந்த பிறகும் வாடகை தவறாமல் வந்துகொண்டிருந்தது. வருமானம் வந்தால் வரி, வரி என்றால் வரி எண். அவளுடைய எண் அவளோடு போய்விட்டது, இறந்தவர் வருமானம் ஈட்ட முடியாது என்றது வரி அலுவலகம். அப்படியானால் வாடகை யாருக்கு வருகிறது என்று அவன் கேட்டான். தொகுதிக்கு, என்றாள் கவுண்ட்டரில் இருந்த பெண். இறந்தவர் விட்டுப்போன எல்லாம் சேர்ந்து ஒரு சொத்துத் தொகுதி. சட்டத்தின் கண்ணில் அது ஒரு தனி ஆள். அதற்குத் தனியாக எண் வாங்க வேண்டும்.

அவன் விண்ணப்பித்தான். திரும்பி வந்தது. பிறந்த தேதி என்ற இடத்தில் அவன் மனைவியின் பிறந்த தேதியைப் போட்டிருந்தான். வருடா வருடம் மறந்துவிட்டுத் திட்டு வாங்கிய தேதி, இந்த முறை யோசிக்காமலே கைக்கு வந்தது.

"சார், இது உங்க மனைவி பிறந்த தேதி," என்றாள் கவுண்ட்டர் பெண். "நாங்க கேக்கிறது தொகுதி பிறந்த தேதி. அவங்க எறந்த அன்னிக்குத்தானே அது பிறக்குது?"

அவன் அங்கேயே நின்று அடித்து எழுதினான். அடித்தல் திருத்தல் கூடாது என்று அதுவும் திரும்பி வந்தது. அடுத்ததில் எல்லாம் சரியாக இருந்தது, ஆனால் தொகுதி எங்கே வசிக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. நேரில் பார்த்துவிட்டு வர ஓர் ஆய்வாளரை அனுப்பினார்கள். அவர் நல்ல பருமன். வாசலில் நின்று கதவைப் பார்த்தார், தன்னைப் பார்த்தார், நுழைந்தார், மாட்டிக்கொண்டார். பாதி உடம்பு கூடத்தில், பாதி உடம்பு தெருவில். அவன் உள்ளேயிருந்து இழுத்தான், பக்கத்து வீட்டுக்காரர் வெளியேயிருந்து தள்ளினார், பயனில்லை. சரி, ஆனது ஆகட்டும் என்று ஆய்வாளர் இருந்த இடத்திலிருந்தே சுற்றிப் பார்த்தார். பாதி எரிந்துகொண்டிருந்த விளக்கைப் பார்த்தார், முள் பாதி வட்டம் போய்த் திரும்பி வருகிற கடிகாரத்தைப் பார்த்தார். உள்ளே இருந்த கையால் படிவத்தை வாங்கி, சுவரில் வைத்து எழுதினார்.

"வசிக்குதுன்னு போட்டுட்டேன். இப்ப நீங்க தள்ளுங்க, அவர் வெளியேருந்து இழுக்கட்டும்."

கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. பிள்ளைகள் இல்லாததால் மாமியாரும் ஒரு வாரிசு. அவர் கையெழுத்து இல்லாமல் எண் கிடையாது. அவன் காகிதத்தை மேசையில் வைத்தபோது மாமியார் கண்ணாடியைத் தேடவில்லை, பேனாவைத் தொடவில்லை. பாதி வெந்திருந்த சோற்றை வடித்துக்கொண்டே, இதில் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். தொகுதிக்கு எண் கொடுப்பார்கள், அது ஒரு தனி ஆளாகக் கணக்கில் ஏறும், பிறகு பிரித்துக் கொடுப்பார்கள், வீடு பழையபடி ஆகும் என்று அவன் சொன்னான்.

"தனி ஆளா?" என்றார் மாமியார். "எனக்கு எதுக்கு மாப்பிள்ள இன்னொரு ஆளு? இருந்த ஆளே பாதி இங்கதான் இருக்கா. அதையும் பிரிச்சுக் குடுத்துட்டு நீங்க ஊரைப் பாக்கப் போயிடுவீங்க."

காகிதம் மேசையிலேயே கிடந்தது. சாப்பிடும்போது அதை நகர்த்திவைத்துச் சாப்பிட்டார்கள். மழை வந்து போனது, வெயில் வந்து போனது. கம்பெனியில் ஒவ்வொருவராகப் புதிய ஆலைக்குப் போனார்கள், வரைபட அறையில் மேசைகள் காலியாகின. மேலாளர் இரண்டாம் முறை கேட்டார், பிறகு கேட்பதை நிறுத்திவிட்டு அவனைப் பார்க்க மட்டும் செய்தார். வீட்டில் அவன் பாதித் தூக்கம் தூங்கினான். கண்ணாடியில் சவரம் செய்யும்போது ஒரு கன்னம்தான் தெரியும். மற்றதை விரலால் தடவிச் செய்தான். தன்னுடைய பாகமும் மெல்ல மெல்ல நிற்கத் தொடங்கிவிட்டதோ என்று ஒரு நாள் அவனுக்குத் தோன்றியது. அன்று கதவில் நழுவும்போது மூச்சை உள்ளே இழுத்தவன், வெளியே வந்த பிறகும் வெகுநேரம் அதை விட மறந்து நடந்துகொண்டிருந்தான்.

ஆண்டு முடிய இன்னும் கொஞ்சமே இருந்தபோது, ஒரு மதியம் அவன் வேலையிலிருந்து சீக்கிரம் வந்தான். மாமியார் அலமாரிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். அவனும் எதிரில் தரையில் உட்கார்ந்தான்.

"அத்தை, அவ அப்படிச் சொல்லல."

மாமியார் எதைப் பற்றி என்று கேட்கவில்லை. புடவை முந்தானையை மடித்தார், பிரித்தார்.

"தெரியும்," என்றார். "நான்தான சொன்னேன். யாரோ அவ கடைசியா என்ன சொன்னான்னு கேட்டாங்க, ஒண்ணும் தெரியலன்னு சொல்ல வாய் வரல. நீங்க அன்னிக்கே இல்லன்னு சொல்லியிருக்கலாம்."

அவன் பாதி திறந்திருந்த அலமாரிக் கதவைச் சாத்தினான்.

"சரி, என்னதான் சொன்னா? நல்லதோ கெட்டதோ சொல்லுங்க. நெஜமா அவ வாயில வந்தது எதுவோ அதைக் குடுங்க, நான் கையெழுத்துப் போடுறேன்."

அவன் சொன்னான். ஒரு வார்த்தையையும் மாற்றவில்லை. மாமியாருக்குச் சிரிப்பு வந்தது, மகள் போன பிறகு முதல் முறையாக. அது பாதியில் நிற்கவில்லை. "அவதான்," என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இது அவ பேச்சேதான்." பேனா கேட்டார்.

எண் தபாலில் வந்தது, அவள் பாதிக்குக் கணக்கில் ஓர் ஆள் வந்தது. அன்று காலையில் தண்ணீர் முழு வேகத்தில் கொட்டி அவன் சட்டையை நனைத்தது. கெட்டில் விசிலடித்தது, வாசல் கதவு சுவரில் போய் இடித்தது. அவன் புதிய ஊருக்குப் போனான், அங்கே வேலையில் உயர்ந்தான், தலை நரைத்தான். பல ஆண்டுகள்வரை, அகலமாகத் திறந்த கதவுகளிலும் பக்கவாட்டிலேயே நுழைந்தான். வீட்டில் மாமியார் குடியேறினார். படுக்கை அறை ஜன்னல் ஒன்று மட்டும் பாதிக்கு மேல் திறக்காமலே நின்றுவிட்டது. அதைப் பற்றி யாரும் எங்கும் மனுக் கொடுக்கவில்லை. வருகிற காற்று போதும் என்றார் மாமியார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தொலைபேசியில் கூப்பிடுவார். கையில் என்ன வேலை இருந்தாலும் அவன் எடுத்துவிடுவான், அவராக வைக்கிறவரை பேசுவான்.

அன்று மதியம் அவன் சொன்னது இதுதான். அந்தக் காலையில் அவள் வாசலில் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். நேரமாகிவிட்டது. மேசையில் இருந்த அவனுடைய போன் அடித்தது. அவள் எட்டி அதில் இருந்த பெயரைப் பார்த்தாள், பையைத் தோளில் போட்டுக்கொண்டாள், கதவை முழுசாகத் திறந்தபடி சொன்னாள்:

"அம்மாதான் கூப்பிடுறாங்க. நான் குளிக்கிறேன்னு சொல்லிடுங்க, இல்லன்னா வைக்கவே விடமாட்டாங்க."