எனக்கு மட்டும் வேதப்புத்தகம் தரவில்லை

...எனக்கு மட்டும் ஏன் வேதப்புத்தகம் தரவில்லை, மச்சானுக்குக் கொடுத்தார்களே, ஜெபசீலன் மச்சான், என் மனைவி இன்பமணியின் கூடப்பிறந்த அண்ணன், ஊர் வேதக்கோயில் பாட்டுக்குழுவில் முன்வரிசைக்காரர், சாட்சிக் கூண்டில் ஏறி, அந்தப் புத்தகத்தின்மேல் கைவைத்து, சரக்குக் கிட்டங்கிச் சாவியை நான் தொட்டதே இல்லை என்று கூசாமல் சொல்லிவிட்டு இறங்கினாரே... என் முறை வரும், எனக்கும் தருவார்கள், சத்தியம் பண்ணிவிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று காத்திருந்தேன், மடையன், குற்றம் சாட்டப்பட்டவனுக்குச் சத்தியமே கிடையாதாம். மாஜிஸ்திரேட் சும்மா கேட்கிறார், "கிருபாநிதி, கொழும்புத் தோணியில் வந்த கிராம்பு மூட்டைகள் உம் பொறுப்பில் இருந்த கிட்டங்கியில்தானே காணாமல் போயின? என்ன சொல்கிறீர்?" சத்தியம் வாங்காமல் கேட்டால் என்ன அர்த்தம், என் வாயில் உண்மை வராது என்று முன்பே முடிவுகட்டிவிட்டார்களா? வக்கீல் லேசாகத் தலையசைக்கிறார், பேசாதே என்று. நேற்றும் அதையேதான் சொன்னார், "வாயத் திறக்காதீரும் வே, புதுச் சட்டத்துலயும் பேசாம இருக்க உமக்கு உரிமை உண்டு, அவங்கதான் நிரூபிக்கணும்." சட்டம் அப்படித்தான் இருக்கும், ஆனால் இந்த வக்கீலைக் கூட்டிவந்தது யார், மச்சான்தானே! "நீரு சும்மா நில்லும் மாப்ள, சாவிய நான்தான் வாங்குனேம்னு நானே சொல்லிக்கிடுதேன்" என்றாரே, அதை நம்பித்தானே போலீஸிடமும் வாயை மூடிக்கொண்டிருந்தேன், இனி ஜெயிலுக்குப் போய்வந்தால் யார் வேலை தருவார்கள், எந்த முகத்தோடு ஊருக்குள் நடப்பேன்...

மூட்டைகள் காணாமல் போன அன்று சாயங்காலம் கிட்டங்கியைப் பூட்டிவிட்டு வெளியே வந்தால், காலையில் என்னைப் பார்க்க உள்ளே வந்துபோன மச்சான் மறுபடி நிற்கிறார், "குடைய உள்ள வச்சுட்டேன் மாப்ள, சாவியத் தாரும், பூட்டிட்டு வீட்டுல கொண்டாந்து தாரேன்." கொடுத்தேன், ஒரு குடைக்குப் போய்ச் சந்தேகப்படுவேனா? குடை... கைப்பிடியில் செம்புக் கம்பி சுற்றிய அதே குடை இப்போது பின்பெஞ்சில் இன்பமணியின் மடியில் கிடக்கிறது, பக்கத்தில் அண்ணன். இதைத்தானே அன்று வீடு திரும்பியதும் எங்கள் கதவில் தொங்குவதைப் பார்த்தேன், "அண்ணன் மத்தியானம் வந்தப்ப விட்டுட்டுப் போயிட்டாவ" என்றாள், நானும் பசியில் சோற்றுக்கு உட்கார்ந்துவிட்டேன்... மத்தியானமே என் வீட்டில் இருந்த குடையை எடுக்கவா சாயங்காலம் சாவி வாங்கினார்? ஜாமீனில் வந்த நாள்முதல் இந்தச் சாவிக் கதையை அவளிடம் சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறேனே, குடை இங்கேதானே இருந்தது என்று ஒரு தடவையாவது அவள்... மாஜிஸ்திரேட் மறுபடி கேட்கிறார், டைப் அடிப்பவர் விரலை உயர்த்தியபடி காத்திருக்கிறார், வக்கீல் மறுபடி தலையசைக்கிறார், இன்பமணி குனிந்து அந்தக் கம்பியைத் தடவிக்கொண்டிருக்கிறாள். எனக்காவது ஒரு வக்கீல் சொன்னார், அவளை யார் பேசாமல் இருக்கச் சொன்னது?