கேட்டக்காவின் மகள் போன ரயில்

ரயில்வே கேட்டில் அவனுக்கு வைத்த பேர் லேட்டு. பெற்றவர்கள் வைத்த பேர் சம்பள நாளில் மட்டும்தான் வெளியே வரும்.

இந்த வியாதிக்கு அவன் மனைவி கண்டுபிடித்த மருந்து, சுவர்க் கடிகாரத்தை இருபது நிமிடம் முன்னால் ஓட விடுவது. மருந்து ஒரு வாரம் கேட்டது. அப்புறம் ஆசாமி கடிகாரத்தைப் பார்த்ததும் மனசுக்குள் இருபதைக் கழித்துவிட்டு, ஆற அமரப் பல் தேய்க்கப் பழகிக்கொண்டார். நேற்று புது பேட்டரி போட்டவள் வெறுத்துப்போய்ச் சரியான நேரத்தையே வைத்துவிட்டாள். வைத்ததை அவனிடம் சொல்லவும் செய்தாள். அவன் போனிலிருந்து தலையை எடுக்காமல் "ம்" கொட்டினான். காலையில் எழுந்து வழக்கம்போல இருபதைக் கழித்தான்.

தெருமுனையில் போனில் மணியைப் பார்த்தபோதுதான் மனைவி நேற்று சொன்னது உறைத்தது.

மற்ற நாளாக இருந்தால் கேட்டக்காவிடம் நாலு வசவு வாங்கித் துடைத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பான். கேட்டக்கா அவனுக்கு முந்தின ஷிஃப்ட். மாற்று ஆள் வந்து சாவியை வாங்காமல் அவள் இடத்தை விட்டு நகரக் கூடாது. இன்றைக்கு அவளுடைய ஒரே மகள் முதல் வேலைக்காகத் தூர ஊருக்குப் போகிறாள். இரண்டு வருஷத்துக்கு லீவு கிடையாது. "ஸ்டேஷன்ல போய் அவ முகத்தைப் பார்த்து அனுப்பிடணும்ப்பா. நாளைக்கு மட்டும் சீக்கிரம் வந்துடு" என்று கேட்டிருந்தாள். கவலையே படாதீங்க என்று இவனும் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டியிருந்தான்.

சைக்கிளை மிதித்து மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது கேட் அடைத்திருந்தது. இரண்டு பக்கமும் வண்டிக்காரர்கள் ஹாரனாலேயே திட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா பச்சைக் கொடியோடு தண்டவாளத்துப் பக்கம் நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"கிளம்புங்கக்கா, நான் பார்த்துக்கிறேன்."

"எங்கே கிளம்புறது? ரயில் ஸ்டேஷனை விட்டாச்சு. இப்ப வரப்போறது அவ போற வண்டிதான்."

டயர் பஞ்சர் என்று ஒரு பொய் அவன் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கினான்.

"என் தப்புதான்க்கா. வேற ஒண்ணும் இல்ல."

"தெரியும்."

"பொண்ணுக்குப் போன் பண்ணீங்களா?"

"பண்ணினேன். கேட் இருக்கிற பக்கக் கதவுல நிக்கிறேன்னு சொன்னா. நின்னு என்ன? நான் எங்கே அவளைப் பார்க்கிறது?"

அதுதான் சிக்கல். கேட்டில் நிற்பவர் கண் சக்கரத்தில்தான் இருக்க வேண்டும். எங்காவது புகை வருகிறதா, ஏதாவது தொங்குகிறதா என்று கடைசிப் பெட்டி வரைக்கும் பார்த்தாக வேண்டும். அக்கா இத்தனை வருஷமாக ஒரு முகத்தையும் பார்க்காமல் ரயில்களை அனுப்பியவள். இன்றைக்கு மட்டும் கண்ணை எடு என்றால் எடுக்க மாட்டாள்.

"கொடி உங்க கையிலயே இருக்கட்டும்க்கா. சக்கரத்தை நான் பார்க்கிறேன். நீங்க உங்க பொண்ணைப் பாருங்க."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். நேரத்துக்கு வரத் துப்பில்லாதவனை நம்பி ஒரு ரயிலை விடலாமா என்று யோசித்தாள் போலிருக்கிறது.

"கடைசிப் பெட்டி வரைக்கும்?"

"கடைசிப் பெட்டி வரைக்கும்."

ரயில் வந்தது. அவன் குனிந்து சக்கரங்களையே பார்த்தான். கண்ணில் தூசி விழுந்தது, துடைக்கவில்லை. தலைக்கு மேலே எங்கோ "அம்மா" என்று ஒரு குரல் வந்து, கடந்து போனது. அக்காவும் என்னவோ கத்தினாள். நிமிர்ந்து பார்க்க மனசு அடித்துக்கொண்டது. நிமிரவில்லை. பிறந்ததிலிருந்து அவன் எந்த வேலையையும் அவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை.

"எல்லாம் சரிக்கா," என்றான் கடைசிப் பெட்டி போனதும்.

அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். "கையை நீட்டிக்கிட்டே போறா. நான் கொடியோட நிக்கிறதை இப்பதான் முதல் தடவையாப் பார்க்கிறா."

கேட்டைத் திறந்து வண்டிகளை விட்ட பிறகு சாவியை அவன் கையில் வைத்தாள். "கட்டிப் பிடிச்சு அனுப்பியிருப்பேன்டா. அது உன்னால போச்சு. அதை மறக்க மாட்டேன்."

"மறக்காதீங்கக்கா."

அவள் கன்னாபின்னாவென்று திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். இதைத்தான் தாங்க முடியவில்லை.

"ரொம்ப நன்றிக்கா."

"எதுக்கு?"

"என்னை நம்பி ரயிலை விட்டதுக்கு."

அக்கா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அதுல என் பொண்ணு போறாடா. நீ சரியாப் பார்ப்பேன்னு தெரியாமலா விட்டேன்?" என்றாள்.