குளிக்காமல் வந்த நாள்

குளியலறைத் தொட்டியில் மொண்டு தம்பியின் தலையில் தண்ணீர் ஊற்றக் கையை உயர்த்தியபோது, கைப்பிடி மட்டும் அக்காவிடம் தங்கிவிட்டது. பிளாஸ்டிக் மக் அவன் மார்பில் விழுந்து, ஊறிய ரொட்டி மாதிரி மடங்கியது. யாரும் வருவதற்குள் அதைத் துணியில் சுருட்டி மறைத்தாள்.

அவன் பாசிப் பண்ணையில் வேலை பார்த்தவன். மரபணு மாற்றிய பாசி, கடலிலிருந்து அள்ளிவரும் பிளாஸ்டிக்கையெல்லாம் தின்றுவிடும். அதனால் தெருவில் அவனுக்குப் 'பச்சை' என்றே பெயர். பண்ணையில் ஒரே கண்டிப்பு: உடம்பில் ஒட்டிய பாசி சாக, மருந்துத் தண்ணீரில் குளிக்காமல் வாசலைத் தாண்டக் கூடாது. போன வாரம் நெஞ்சு வலியோடு அப்படியே வந்துவிட்டான். பக்கத்து வீட்டுக்கும் பொதுவான இந்தக் குளியலறையில், இந்தத் தொட்டியில் மொண்டுதான் குளித்தான்.

"யார்கிட்டயும் சொல்லாதக்கா. வேலை போயிடும்."

வேலை போகவில்லை. நேற்று உயிர்தான் போயிற்று.

மதியம் பண்ணை மேற்பார்வையாளர் வந்தார். துக்கம் விசாரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. எப்பவாவது அங்க குளிக்காம வீட்டுக்கு வந்திருக்காரா?"

"வந்திருந்தா?"

"உடம்பை நாங்க எடுத்துட்டுப் போயிடணும். திருப்பித் தர முடியாது. தண்ணித் தொட்டியையும் மூடணும்."

தம்பியின் மகள் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். 'அப்பா முகத்தைப் பாக்கணும் அத்தை, எடுத்துடாதீங்க' என்று போனில் கதறியிருந்தாள்.

"அவன் ஒரு நாளும் அப்படி வந்ததில்லைங்க," என்றாள் அக்கா. பொய் கூசாமல் வந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

இருட்டுவதற்குள் மகள் வந்துவிட்டாள். அழுது ஓய்ந்து, அப்பாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். விடிந்தால் அடக்கம்.

பக்கத்து வீட்டுக்காரி வாசலில் தயங்கி நின்றாள். அவள் புருஷன் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. மூக்கு வழியாகத்தான் சாப்பாடு.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாதுக்கா. இவருக்குச் சாப்பாடு ஏத்துற டியூப் ரெண்டு நாளா நொளநொளன்னு இருக்கு. கழுவக் கழுவ இன்னும் மோசமாகுது. ஏன்னே தெரியல."

அக்கா தம்பி மகளைப் பார்த்தாள். அவள் அந்தக் கையை இன்னும் விடவில்லை.

"புதுசு மாத்திப் பாரேன்," என்றாள் அக்கா.

"ஒண்ணுதான் மிச்சம் இருக்கு," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அதைக் கழுவ எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள்.

தொட்டியில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது.