கல்யாணக் கேசட்டுக்குள் போன செவலை

வீரணனின் நாய் கேமராவுக்குள் போய்விட்டது. முன்னால் முயல் போனது, பின்னால் நாய். பிழை என்னுடையது.

முயல் ஓடிவரும் தடத்துக்கு எதிரே கேமராவை வைக்கக் கூடாது. ஒதுங்கி நின்று பக்கவாட்டில்தான் எடுக்க வேண்டும். நாற்பது வருஷம் கேமரா தூக்கியவனுக்கு இதை ஒருத்தர் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு முழங்கால் வலி. தடத்திலேயே ஒரு கல் கிடந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் ஊர்ப் பாரிவேட்டை பற்றி இரண்டு வார்த்தை. சிவராத்திரிக்கு மறுநாள் ஆண்கள் எல்லாரும் நாய்களோடு பக்கத்துப் பாறைக் கரட்டுக்குப் போவோம். முன்பு முயலோடு திரும்பினோம். வேட்டைக்குத் தடை வந்தபிறகு கேசட்டோடு திரும்புகிறோம். நாய் விரட்டும், நான் எடுப்பேன், முயல் தன் சோலியைப் பார்க்கப் போய்விடும். சாயங்காலம் சாவடியில் டிவி வைத்து ஊர் பார்க்கும். மற்ற முறைமை எதுவும் மாறவில்லை. போன தலை அத்தனையும் திரும்ப வேண்டும், நாய்த்தலை உட்பட. ஒன்று குறைந்தாலும் எந்த வீட்டிலும் உலை ஏறாது. வழி தவறிய நாயைத் திருப்பிக் கொண்டுவந்தவர் கையில் ஊர்த் தலைவரான அம்பலக்காரர் தேங்காய் பழத் தட்டைக் கொடுப்பார். கொடுத்த பிறகு அவர் பேரை ஊருக்கே கேட்கும்படி சொல்வார். இவ்வளவுதான்.

கேமரா மடியில் கனத்தது. வீரணன் மூச்சு வாங்க வந்து சேர்ந்தான்.

"செவலை எங்கண்ணே?"

"உள்ள."

"முயலு?"

"அதுவும்."

லென்சில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தான். "இருட்டா இருக்கு."

"நிறுத்திட்டேன். நிறுத்துனா இருட்டுதான்."

"எதுத்தாப்புல உக்காந்தா எடுத்தீக?"

"முட்டு வலிடா."

"சரி விடுங்க," என்றான். "கட்டித்தான் போட்டிருந்தேன். அத்துக்கிட்டு வந்துருச்சு. குட்டி போட்டு ஒம்போது நாளு. ஒண்ணும் இன்னும் கண்ணு தெறக்கல."

ஐந்து குட்டிகள். அதில் ஒன்று நோஞ்சான். காலையிலிருந்து பால் குடிக்கவில்லை.

கேமராவை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கிக் கொண்டுவந்தோம். ஒரு பெரிய நாயும் ஒரு முயலும் சேர்ந்த கனம். மற்றவர்கள் சாவடியில் உட்கார்ந்துவிட்டார்கள். தலை எண்ணியாயிற்று, ஒன்று குறைகிறது, உட்காரத்தான் வேண்டும். வீரணன் வீட்டுக்குப் போய்க் குட்டிகளை ஒரு கூடையில் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான்.

கேமராவை டிவியில் மாட்டினேன். கரடு தெரிந்தது. முயல் வந்தது, பெரிதாகிக்கொண்டே வந்து திரையை அடைத்தது. அடுத்து செவலை. அதோடு கரடு முடிந்தது. ஒரு நொடி நீலம். பிறகு நாதஸ்வரம்.

இரண்டாவது பிழையும் என்னுடையதுதான். புதுக் கேசட் இப்போது எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. பீரோவில் எழுத்தழிந்த பழைய கேசட் ஒன்று இருந்தது. என்ன ஏது என்று பார்க்காமல் போட்டுவிட்டேன்.

வீரணன் டிவிக்குப் பக்கத்தில் போனான்.

"இது எங் கல்யாணம்ல?"

"ஆமா."

"மாப்பிள்ளை அழைப்பு?"

"கரடு அதுக்கு மேலதான் ஏறியிருக்கு."

அவன் வீட்டிலிருந்த பிரதி பூஞ்சை பிடித்துப் போயிருந்தது. இன்னொன்று போட்டுத் தரும்படி இரண்டு தடவை கேட்டிருந்தான். பார்க்கலாம் என்று சொல்லியிருந்தேன். அவன் பெண்டாட்டி நாச்சியம்மாள் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது.

"நாயைப் பாருங்க," என்றான்.

பார்த்தோம். முயல் சமையல்காரர்களின் கால்களுக்கு நடுவே போனது. செவலை பின்னால் போனது. ஒருத்தர் மேல் சாம்பார் கொட்டியது. துடைத்துக்கொண்டு பரிமாறினார்.

கேசட்டைப் பின்னால் சுற்றிப் பார்த்தேன். கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் பின்பக்கமாக நடந்தார்கள். செவலை மட்டும் முன்னால் ஓடியது. உயிரோடு உள்ளே போனது பின்னால் வராது. அது தன் போக்கில் கேசட்டின் கடைசிக்குப் போய்க்கொண்டிருந்தது. கடைசிக்கு அப்புறம் ஒன்றும் கிடையாது. அங்கே போன எதுவும் வந்ததில்லை.

வீரணன் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தான். செவலை காதைக்கூட அசைக்கவில்லை.

"கேக்காது," என்றேன். "சத்தம் உள்ள போகணும்னா செவப்புப் பட்டனை அமுக்கணும்."

"அமுக்குங்க."

"அமுக்குனா பதிவாகும். நீ கூப்பிடுற நேரத்துக்குக் கல்யாணம் அழியும்."

கூடையில் குட்டிகள் முனகின. நோஞ்சான் முனகவில்லை.

"இப்ப என்ன ஓடுது?" என்று கேட்டான்.

"தாய்மாமன் சீர்."

"அழியட்டும். அந்த ஆளு மோதிரம் போடுறேன்னு சொல்லிட்டு வேட்டி எடுத்துக் குடுத்தாரு."

லென்ஸ் மூடியைக் கழற்றிப் பட்டனை அமுக்கினேன். வீரணன் கேமராவின் முகத்துக்கு நேரே நின்று விசிலடித்தான். இனி அந்தக் கல்யாணத்தில் தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் நரைத்த தலையோடு வீரணன் நிற்பான். நிறுத்திவிட்டுப் போட்டுப் பார்த்தோம். செவலை நின்றிருந்தது. காது தூக்கியிருந்தது. பிறகு முயல் ஓடியது, அதுவும் ஓடியது.

"அடுத்து என்ன?"

"பாத பூசை. உங்கப்பா ஆத்தா."

யோசித்தான். "அப்பா அதுல சிரிச்சிருக்காராண்ணே?"

"இல்ல. மொறைச்சுக்கிட்டு இருக்காரு."

"அப்ப அழிங்க."

விசிலடித்தான். பேர் சொல்லிக் கூப்பிட்டான். குட்டிக் கூடையைத் தூக்கி லென்சுக்கு முன்னால் பிடித்தான். அது போதவில்லை. போட்டுப் பார்த்தபோது செவலை முயலை விட்டிருந்தது. ஆனால் லென்ஸ் பக்கம் வரவில்லை. மணவறைக்குப் போய், நாச்சியம்மாள் காலடியில் படுத்துக்கொண்டது.

அதை ஆட்டுப்பால் விட்டு வளர்த்தவள் அவள்தான். அவள் போன நாளிலிருந்து அது வாசலைப் பார்த்துத்தான் படுக்கும் என்று வீரணன் சொல்லியிருக்கிறான். இப்போது மணவறையில் மூஞ்சியைக் காலுக்குள் வைத்து நிம்மதியாகப் படுத்திருந்தது. ஐயர் அதைத் தாண்டி நெய் ஊற்றினார்.

"இனிமே?" என்றான் வீரணன்.

"இனிமே தாலி. அதோட கேசட்டும் முடிஞ்சிரும். ஒரு நிமிஷம்தான் இருக்கு."

"அவ வேற எதுலயாவது இருக்காளா?"

"ரேசன் கார்டுல போட்டோ இருக்கும்."

"அதுல அசைய மாட்டா."

"மாட்டா."

நோஞ்சான் குட்டியை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். டிவியில் நாச்சியம்மாள் தலை குனிந்திருந்தாள். குனியச் சொன்னது நான். கல்யாணப் பெண் நிமிர்ந்திருந்தால் அந்தக் காலத்தில் பெண்வீட்டார் கேசட்டைத் திருப்பிக் கொண்டுவந்து திட்டுவார்கள். அதனால் அவள் முகம் முழுதாக எங்கேயும் பதிவாகவில்லை. நெற்றிச் சுட்டியும் மூக்கு நுனியும்தான்.

"அமுக்குங்கண்ணே," என்றான்.

"யோசிச்சுக்கடா."

"பச்சப் புள்ளைகண்ணே. கண்ணே தெறக்கல."

என் விரல் பட்டனுக்குப் போனது. அமுக்கவில்லை. அதற்குள் நாச்சியம்மாள் நிமிர்ந்தாள்.

நேராகக் கேமராவைப் பார்த்தாள்.

"போட்டோக்காரண்ணே, கைய எடுங்க," என்றாள். "எத்தனை குட்டி போட்டுருக்கு?"

"அஞ்சு," என்றான் வீரணன். அவளுக்குக் கேட்காது. நான் விரலை எடுத்துவிட்டு ஐந்து விரலைக் காட்டினேன். அதுவும் அவளுக்குத் தெரியாது. அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. செவலையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"பால் கட்டிக் கெடக்கு. ஏ மூதி, இங்க என்ன சோலி ஒனக்கு? எந்திரி."

ஐயர் முகூர்த்தம் தவறுகிறது என்றார். "ஒரு நிமிசம் சாமி," என்றாள். மாப்பிள்ளை வீரணன், கையில் தாலியோடு, நகர்ந்து வழி விட்டான். அவள் பட்டுச்சேலையை இடுப்பில் தூக்கிச் செருகினாள். செவலையின் காதைப் பிடித்துப் பந்தல் நடுவே நடந்து வந்தாள். முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. மேலுதட்டில் ஒரு மச்சம் இருந்திருக்கிறது. எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது.

"போ. போயிப் பால் குடு," என்று பின்னால் ஒரு தட்டுத் தட்டினாள்.

செவலை லென்ஸ் வழியாக வெளியே வந்தது. பன்னீர் நனைத்திருந்தது. நெற்றியில் சந்தனம். உடம்பை உதறிவிட்டுக் கூடைக்குள் இறங்கிப் படுத்தது. வீரணன் சட்டைக்குள்ளிருந்து நோஞ்சானை எடுத்து முன்காம்பில் வைத்தான். அது வாயைத் திறக்கவில்லை. விரலால் பாலைப் பீய்ச்சி உதட்டில் தடவினான். கொஞ்ச நேரம் கழித்துச் சப்பியது.

டிவியில் அவள் போய் உட்கார்ந்துவிட்டாள். தாலி ஏறியது. தலை குனியவில்லை. நானும் குனியச் சொல்லவில்லை. பெண்வீட்டு வரிசையில் முயல் உட்கார்ந்து ஒரு வெற்றிலையைத் தின்றுகொண்டிருந்தது. கேசட் முடிந்தது.

செவலையோடும் கேமராவோடும் சாவடிக்குப் போனோம். அம்பலக்காரர் தலை எண்ணினார். சரியாக இருந்தது. வீடுகளில் உலை ஏற்றச் சொல்லி அனுப்பினார். தட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நாயைத் திருப்பிக் கொண்டாந்தது யாரு? போட்டோக்காரரா?"

"நான் தொலைச்சவன்," என்றேன்.

"வீரணனா?"

"நானில்ல மாமா," என்றான் வீரணன். "எம் பொஞ்சாதி."

"எங்கருக்கா?"

"டிவியில."

"அப்ப டிவியைப் போடுங்கப்பா. கையில குடுக்காம எப்படிப் பேரைச் சொல்றது?"

போட்டேன். கரடு வந்தது, வீரணன் விசிலடித்தது வந்தது, மணவறை வந்தது. அம்பலக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கேமராவிடம் போய்த் தட்டை நீட்டினார். வளையல் போட்ட இரண்டு கைகள் லென்சுக்கு வெளியே வந்து வாங்கிக்கொண்டன. பழத்தில் ஒன்றை மட்டும் திருப்பித் தட்டில்லாமல் அவர் கையில் வைத்தன. பால் கொடுக்கிற செவலைக்கு மசித்துக் கொடுக்க வேண்டுமாம், டிவியில் சொன்னாள்.

அம்பலக்காரர் தொண்டையைச் செருமினார். ஊர் எழுந்து நின்றது. ஒரே ஒரு தடவை, நிறுத்தி, சத்தமாகச் சொன்னார்.

நாச்சியம்மாள்.