பன்னிரண்டு நகர்வு ஆழம்

மனித அறிவின் சிகரமாகிய சதுரங்கத்தை இயந்திரத்தின் காலடியில் வைக்கும் பெருமை வெள்ளவத்தைக்கே என்று எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் செஸ் கழகத் தலைவர் நவரத்தினம். எழுதிய இடம் கழகத்தின் வாட்ஸப் குழு. தான் கட்டிய இயந்திரம் தோற்றால் தலைவர் பதவியை விட்டுவிடுவதாகவும் ஒரு வரி சேர்த்திருந்தார். பதினொரு வருடத்துப் பதவி. அனுப்பியபின் அந்த வரியை அழிக்கப் பார்த்தார். அதற்குள் முப்பது பேர் கைதட்டிவிட்டார்கள்.

சனிக்கிழமை காலை, பிஸ்கட் தகரத்துக்குள் எட்டுச் சிப்புகளை அடுக்கி, மடிக்கணினியோடு வயரால் பூட்டினார். எதிரே, இயந்திரத்தோடு ஆட வந்திருந்த ராசிக், கொட்டாஞ்சேனையில் பெயின்ற், குழாய், ஆணி விற்கும் ஹாட்வெயார் கடைக்காரர்.

"இது போன்லயும் ஈக்கிதானே சேர்?"

"போன் வேறை. இது பன்னிரண்டு நகர்வு ஆழம் பாக்கும். முதல் எட்டும் சொஃப்ட்வெயார், ஆறுதலா யோசிக்கும். கடைசி நாலையும் சிப்புகளுக்குப் பிரிச்சுக் குடுக்கும். அதுகள் யோசிக்காது, மின்னல் வேகத்திலை எண்ணித் தள்ளும்."

"பன்னிரண்டையும் சிப்புக்கே குடுத்தா?"

"கண்ட குப்பையையும் தேடும்."

"எல்லாத்தையும் சொஃப்ட்வெயாருக்கு?"

"சிப்புகள் கொட்டாவி விடும். வேலையைப் பிரிக்கிறதிலைதான் ஐசே கெட்டித்தனம்!"

"அப்ப கடைசி வேல ஹாட்வெயாருக்கு. அது எங்கட ஆள் சேர்."

கழகச் செயலாளர் உஷாந்தி இரட்டை முகச் செஸ் மணிக்கூட்டில் ஆளுக்கு முப்பது நிமிடம் வைத்தாள். "காயை வைச்சிட்டுப் பொத்தானை அமத்தினாத்தான் மற்றவரின்ரை நேரம் ஓடும், சேர். நேரம் முடிஞ்சால் தோல்வி."

"பிள்ளை, அந்தச் சட்டத்தை எழுதினதே நான்."

வெள்ளைக் காய்கள் இயந்திரத்துக்கு. திரை சொன்னபடி காயை நகர்த்துவது நவரத்தினத்தின் வேலை. நகர்த்தி முடித்ததும் சபையின் பக்கம் திரும்பி, சிப்புகளின் மனநிலையை விளக்கினார். ராசிக் அவசரப்படவில்லை. தேத்தண்ணி வாங்கிக் குடித்தார். இன்னொன்றும் கேட்டார்.

இருபத்திரண்டாவது நகர்வில் நவரத்தினம் துள்ளி எழுந்தார். "மூண்டு நகர்விலை செக்மேற்!" நன்றியுரைக்காகத் தொண்டையையும் செருமினார்.

மணிக்கூடு கீச்சிட்டது.

"சேர், உங்கடை நேரம் முடிஞ்சுது," என்றாள் உஷாந்தி.

"அதெப்பிடி? இயந்திரம் ஒரு நகர்வுக்குப் பத்துச் செக்கன்கூட எடுக்கேல்லையே!"

ராசிக் கோப்பையை மெதுவாக வைத்தார். "எட்டு அதுக்கு, நாலு இதுக்கு. பொத்தான அமத்துற வேலய யாருக்குப் பிரிச்சுக் குடுத்தீங்க சேர்?"

நவரத்தினம் குனிந்து மணிக்கூட்டைப் பார்த்தார். ராசிக்கின் பக்கத்தில் முப்பது நிமிடமும் அப்படியே இருந்தது.